ஆறு அங்குலம்

ஏரி உறைந்திருந்தாலும் ஒரு நாய்கூட நம்பிக் கால் வைக்க முடியாத அளவுக்குப் பனிக்கட்டி மெல்லிசாக இருந்த ஒரு நவம்பர் காலையில், காபிக்குத் தண்ணீர் கொதிக்கட்டும் என்று சமையலறைச் சன்னலருகே நின்ற லெம்பி, ஏரியின் நடுவாக்கில் ஒரு சின்ன வெள்ளைக் குவியலைப் பார்த்தாள். பறவை உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தாள். அது அசையவில்லை. சன்னலோர ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஆர்விடின் தொலைநோக்கியை எடுத்துக் கண்ணில் வைத்தாள். பறவை இல்லை, பனிச்சீவல். மீன் பிடிக்கத் துரப்பணத்தால் பனிக்கட்டியைத் துளைக்கும்போது பொங்கி வந்து வட்டமாகக் குவியுமே, அந்தச் சீவல். அதன் நடுவில் கறுப்பாக ஒரு துளை இருந்தது.

எந்தப் பைத்தியக்காரனுக்கு இவ்வளவு அவசரம் என்று வாய்க்குள் திட்டினாள். அப்புறம்தான் உறைத்தது. முந்தின நாள் சாயங்காலம் மாவு சலித்துத் தூவியதுபோல லேசாகப் பனி பெய்திருந்தது. கரையிலிருந்து அந்தத் துளை வரைக்கும், துளையிலிருந்து எந்தக் கரைக்கும், அதன்மேல் ஒரு காலடித் தடம் இல்லை. அடுப்பில் தண்ணீர் முழுக்க வற்றிப் பாத்திரம் கருகும் வாசனை வரும் வரை அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

ஆர்விட் அவளுடைய கணவன். போன பிப்ரவரியில் இதே ஏரிக்குள் போனவன்.

அவனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஊரே மோட்டார் வைத்த துரப்பணத்துக்கு மாறிய பிறகும் அவன் தன் அப்பா காலத்துக் கைத் துரப்பணத்தைத்தான் தோளில் போட்டுக்கொண்டு மீன் பிடிக்கப் போவான். மேலே ஒரு கை அமுக்கிப் பிடிக்க, இன்னொரு கை சுற்ற, ஆறு அங்குல வாய் மெதுவாகக் கீழே இறங்கும். அதன் பிளேடின் விளிம்பில் ஒரு சின்னப் பொக்கை இருந்தது. அவன் போட்ட ஒவ்வொரு துளையின் சுவரிலும் அந்தப் பொக்கை ஒரு சுருள் கோட்டை விட்டுவிட்டுப் போகும். தோள்பட்டை தேய்ந்து போச்சு, ஒரு கரண்டுத் துரப்பணம் வாங்கு, வாயும் கொஞ்சம் பெரிசாக இருக்கும் என்று லெம்பி வருஷம் தவறாமல் சொல்வாள்.

"ஆறு அங்குலத்துல வெளிய வராத எதுவும் எனக்கு வேண்டாம்டி," என்பான் அவன். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பேச்சுதான். ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

அந்த ஏரியில் பைக் என்கிற பெரிய மீனை ஈட்டியால் குத்துகிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சின்னத் துளை போதாது. அடுத்தடுத்துத் துளை போட்டு ஒரு வளையமாக வெட்டி, நடுவில் நிற்கும் பனிக்கட்டியை அமுக்கிப் பக்கத்துப் பனிக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். அதைத் தூக்கி வெளியே போட யாராலும் ஆகாது. வேலை முடிந்து போகும்போது அந்த வாயருகே ஒரு ஊசியிலைக் கிளையை நட்டுவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் வாய் மேலாக ஆடை கட்டி, அதன்மேல் பனியும் விழுந்து, அப்படி ஒரு குழி இருப்பதே தெரியாமல் போய்விடும். போன பிப்ரவரியில் யாரோ கிளை நடாமல் போனார்கள். யார் என்று ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை.

துரப்பணத்தைத் தோளில் சுமந்தபடி ஆர்விட் அதில் இறங்கிவிட்டான். பின்னால் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு வந்த லெம்பி நிமிர்ந்து பார்த்தபோது ஆளைக் காணோம், கறுப்புத் தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அடியில் இழுப்பு அதிகம். அவள் மண்டியிட்டுக் கையால் பனியைத் துடைத்துத் துடைத்துத் தேடினாள், அவன் பேரைச் சொல்லிக் கத்தினாள். அப்போதுதான், கொஞ்சம் தள்ளி, காலையில் அவனே போட்டு வைத்த துளை ஒன்றில், மீன் கடித்தால் நிமிருமே அந்தத் தூண்டில் கொடி, அது படாரென்று நிமிர்ந்தது.

ஓடினாள். துளைக்குள் அவன் கை இருந்தது. அவன் ஆள்காட்டி விரலின் நுனியை மர ஆலையில் ரம்பம் கொண்டுபோயிருந்தது. அந்த விரலுக்கு ஏற்றாற்போல் அவளே குட்டையாகப் பின்னிக் கொடுத்த சிவப்புக் கையுறை. அவள் பிடித்துக்கொண்டாள், அவனும் பிடித்துக்கொண்டான். ஆறு அங்குலத்தில் ஒரு கை வரும். தலை வராது, தோள் வராது. பிடித்த பிடியை விடாமல் அவள் அழுதாள், கூப்பிட்டாள், காது கேட்கும் தூரத்தில் ஒரு ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவன் பிடி தளர்ந்ததா, மரத்துப்போன அவள் விரல்கள் தாமாக விரிந்தனவா, அவளுக்கே தெரியவில்லை. கையுறை மட்டும் அவளிடம் தங்கிவிட்டது. வசந்தத்தில் பனி உருகிய பிறகும் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

இப்போது அந்தத் துளை.

சில நாள் கழித்து இன்னொன்று வந்தது, முந்தினதைவிடக் கரைக்குப் பக்கமாக. அப்புறம் இன்னொன்று. வெளிச்சம் மங்கும் நேரத்தில், உருளைக்கிழங்கு தோலை உரித்தபடி நிற்கும்போது, ஏரிப் பக்கமிருந்து கர்ர், கர்ர் என்று ஒரு சத்தம் அவள் காதில் விழத் தொடங்கியது. உறைந்த ஏரி சும்மா இருக்காது என்று அங்கே பிறந்த எல்லாருக்கும் தெரியும். அது இரவு முழுக்க முனகும், வெடிக்கும், பீரங்கி மாதிரி அதிரும். இது அதில்லை. ஒரு சுற்று, ஒரு மூச்சு. ஒரு சுற்று, ஒரு மூச்சு. நாற்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட சத்தத்தை அவளால் எப்படி மறக்க முடியும்?

பனிக்கட்டி ஆளைத் தாங்கும் அளவுக்குத் தடித்ததும் ஒரு நாள் மத்தியானம் நடந்து போய்ப் பார்த்தாள். மேலாக உறைந்திருந்த மெல்லிய ஆடையைக் குதிகாலால் உடைத்துவிட்டு, கையுறையைக் கழற்றித் துளைக்குள் விரல் விட்டுத் தடவினாள். சுவரில் சுருள் கோடு ஓடியது. விரல் அதன் வழியே தானாகவே சுற்றி இறங்கியது. இன்னொன்றையும் பார்த்தாள். மேலேயிருந்து துளைத்தால் பிளேடு வெளியேறும் அடிவாய்தான் பிய்ந்து போகும். இங்கே அடி வழவழப்பாக இருந்தது, மேல்வாய் பிய்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டு, அடுப்பு எரிய எரியக் கம்பளிக்குள் கிடந்து நடுங்கினாள். ஆனால் நடுக்கம் கொஞ்சம் அடங்கியதும் வந்தது அழுகைதான். மனுஷன் வெளியே வரப் பார்க்கிறான். ஒவ்வொரு இடமாக முட்டி முட்டிப் பார்க்கிறான், அந்தப் பாழாய்ப்போன ஆறு அங்குலத்தை வைத்துக்கொண்டு. அவனால் எப்படி முடியும்?

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு வெர்லின் கடைக்குப் போனாள்.

தூண்டில், துரப்பணம், புழு, ரப்பர் பூட்ஸ் எல்லாம் விற்கிற கடை. உயிர் மீன்குஞ்சுத் தொட்டிகளின் பாசி நாற்றமும் கொதித்துக் கசந்த காபி வாசனையும் அங்கே எப்போதும் கலந்து கிடக்கும். கணப்பருகே கிளேட்டன் உட்கார்ந்திருந்தான். கடையில் எந்த நேரம் போனாலும் அவன் அங்கே இருப்பான், யார் என்ன வாங்கினாலும் ஒரு நக்கல் விடுவான். லெம்பி நுழைந்ததும் கோப்பைக்குள் பார்வையை இறக்கிக்கொண்டான்.

கரண்டுத் துரப்பணம் வேண்டும் என்று அவள் சொன்னதும் வெர்லின் ஏன் என்று கேட்க வாயெடுத்தான். பிறகு, ஆளை விசாரிப்பதைவிடச் சாமானைக் காட்டுவது சுலபம் என்று தோன்றியிருக்க வேண்டும், சுவரில் மாட்டியிருந்ததை ஒவ்வொன்றாக இறக்கினான். எட்டு அங்குலம் போதும், எடை கம்மி, அவள் கைக்குத் தாங்கும் என்றான்.

"பத்து இருக்கா?"

"இருக்கு. ஆனா பேட்டரியக் குடிச்சிரும், லெம்பி. கையையும் முறுக்கும். எதப் பிடிக்கப் போறீங்க, எருமையையா?"

வழக்கமாக இந்த இடத்தில் கிளேட்டனின் சிரிப்பு கேட்கும். கேட்கவில்லை. பத்தையே எடு என்றாள் லெம்பி.

அடுத்தது பிளேடு. சீவுகிற பிளேடு, கொத்துகிற பிளேடு என்று இரண்டு விதம். சீவுகிறது புதுப் பனியில் வெண்ணெயில் இறங்குகிறாற்போல் இறங்கும் என்று வெர்லின் அதைத்தான் தூக்கிப் பிடித்தான். பழைய துளைமேல் வைத்தால்? அப்போது எகிறும், மணிக்கட்டை உடைக்கும். பழைய துளையைத் திறக்கவும், துளையோடு துளை சேர்த்துப் போடவும் கொத்துகிறதுதான் சரி. அப்படியானால் கொத்துகிறதே வேண்டும் என்றாள்.

"துளையோட துளை சேத்தா?" வெர்லின் அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஈட்டிக்கா? நீங்களா?"

"ஏன், பொம்பளைக்கு ஈட்டி பிடிக்கத் தெரியாதா?"

அவன் மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் பேட்டரியைப் பற்றிச் சொன்னான். குளிரில் செத்துவிடும், போகும் வரைக்கும் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் எஞ்சின் இன்னும் பலசாலிதான், அதையும் ஒரு தரம் பார்க்கிறாளா என்று கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் அலறினாலும் காதில் விழாது. கரண்டுத் துரப்பணத்தைக் கையில் வாங்கி, பொத்தானை அமுக்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அது ஒரு தையல் மிஷின் அளவுக்குத்தான் ரீங்கரித்தது.

"இது ஓடும்போது யாராச்சும் கூப்பிட்டாக் கேக்குமா?"

"கேக்கும்," என்றான் வெர்லின். பிறகு குரலை இறக்கி, "தனியாப் போகாதீங்க. நான் வரேன், ஞாயித்துக்கிழமை." அவள் சரி என்று பொய் சொன்னாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிவரை வந்தது கிளேட்டன். அதை உள்ளே வைத்துவிட்டு, தன் வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு ஊசியிலைக் கிளையை எடுத்து வந்து பெட்டிமேல் வைத்தான். வெட்டி வெகு நாள் ஆன கிளை. ஊசியெல்லாம் பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"பெரிய வாய் வெட்டினா இத நட்டு வைங்க," என்றான். "எப்பவும் வண்டியிலதான் கெடக்கும். அன்னிக்கும் கெடந்துச்சு, லெம்பி. குளிர் தாங்கல, நாளைக்கு நடலாம்னு…"

இந்த ஆளைக் கண்டுபிடித்தால் என்ன கேட்பது என்று இத்தனை மாசமாக இரவெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். இப்போது கேட்க ஒன்றும் இல்லை. அவள் நெஞ்சு முழுக்க ஏரிக்கு அடியில் இருந்தது.

"குளிர்ல நிக்காத, கிளேட்டன். உள்ள போ," என்று மட்டும் சொன்னாள்.

அவள் ஏரியில் இறங்கியபோது வெயில் மரங்களின் தலைக்கு வந்துவிட்டது. குளிர்காலத்து மத்தியானம் அங்கே அவ்வளவுதான். கடைசியாக வந்த துளை கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது, சமையலறைச் சன்னலுக்கு நேராக. அதை நடுவில் வைத்து, இரண்டு ஆள் சேர்ந்து நுழையும் அகலத்துக்குப் பூட்ஸ் குதியால் வட்டம் கீறினாள். சிவப்புக் கையுறை கோட்டுப் பையில் இருந்தது. பேட்டரியை நெஞ்சிலிருந்து எடுத்தபோது அது அவள் சூட்டோடு இருந்தது.

துரப்பணம் நன்றாகவே வெட்டியது. வெர்லின் சொன்னதுபோலக் கையை முறுக்கினாலும் எகிறவில்லை. வெள்ளைச் சீவல் பொங்கி வந்து பூட்ஸை மூடியது, கடைசியில் ஒரு உலுக்கலோடு அடியைத் தொட்டதும் கறுப்புத் தண்ணீர் குபுக்கென்று ஏறி, களிமண் வாசனையும் அழுகின நாணல் வாசனையுமாக முகத்தில் அடித்தது. ஒவ்வொரு துளைக்கும் அப்புறம் பொத்தானை விட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். ஏரி தூரத்தில் ஒரு தரம் முனகியது. அடுத்த கரையில் யாருடைய நாயோ குரைத்தது. அவள் அடுத்த துளையை வைத்தாள். துளையோடு துளை சேர்ந்து பிறை ஆனது, பிறை வளர்ந்து ஏறக்குறைய முழு வளையம் ஆனது.

கடைசியில் ஒரு சின்னப் பாலத்தை மட்டும் வெட்டாமல் விட்டாள். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அது இருக்கும் வரை நடுக்கட்டி ஆடாது, வெளியே நின்று நிதானமாகக் கடைசி வெட்டைப் போடலாம். வளையத்துக்கு உள்ளே மட்டும் நிற்கக் கூடாது. நடக்கப் பழகின குழந்தைக்கும் அங்கே அது தெரியும்.

கிளேட்டனின் கிளையைச் சீவல் குவியலில் நட்டாள். துரப்பணத்தைக் கீழே வைத்தாள். வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்தது.

"ஆர்விட்," என்றாள். "வா. பெருசா வெட்டியிருக்கேன். வா."

நாய் குரைப்பது நின்றது. ஏரியின் முனகலும் நின்றது. அப்படி ஒரு நிசப்தத்தை அவள் அந்த ஏரியில் கேட்டதே இல்லை.

நடுத்துளையில் தண்ணீர் அசைந்தது.

விரல்கள் வந்தன. வெளுத்து, ஊறி, சுருங்கிப்போன விரல்கள். ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை. கை மணிக்கட்டுவரை எழும்பி, விளிம்பைத் தடவியது. இந்தப் பக்கம் தடவியது. அந்தப் பக்கம் தடவியது. கண் தெரியாதவர்கள் மேசைமேல் எதையோ தேடுவார்களே, அந்த மாதிரி பொறுமையாகத் தேடியது.

ஓடிவிடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. அவள் கண் அந்தக் கையைவிட்டு நகரவில்லை. ஐயோ, எவ்வளவு குளிரும் அந்தக் கைக்கு. இத்தனை மாசமாகக் கையுறைகூட இல்லாமல்.

வெளியே குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். எட்டவில்லை. ஒரு விரல்கடை தூரம்தான். ஒரு நிமிஷம்தானே என்று நினைத்துக்கொண்டு பாலத்தின்மேல் மண்டியிட்டு ஊர்ந்து உள்ளே போனாள்.

பிடித்துக்கொண்டாள். அவனும் பிடித்துக்கொண்டான்.

அந்தப் பிடி அவளுக்குத் தெரியும். அவள் வாய்விட்டு அழுதாள். மன்னிச்சிரு, மரத்துப்போச்சு, நான் விடல, நான் வேணும்னு விடல என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மற்றக் கையால் பையிலிருந்து கையுறையை எடுத்து அந்த விரல்களில் மாட்டப் பார்த்தாள். மாட்ட முடியவில்லை. அவை இவள் விரல்களைச் சுற்றி இறுகியிருந்தன.

"கொஞ்சம் விடு," என்றாள். "கடைசி வெட்டப் போட்டுட்டு வரேன். வெளிய வந்துரலாம்."

இறுகியது.

"ஆர்விட். வலிக்குது."

அவள் தன் விரல்களை விரித்தாள். முழுசாக விரித்தாள். அந்தக் கை விடவில்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

கர்ர்.

முதுகுக்குப் பின்னால். பனிக்கு அடியில்.

கர்ர்.

ஒரு சுற்று. ஒரு மூச்சு. கைத் துரப்பணம். அதைச் சுற்ற இரண்டு கை வேண்டும்.

அவன் கை ஒன்று இங்கே இருந்தது.

கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தாள். கரண்டுத் துரப்பணம் வளையத்துக்கு வெளியே, வைத்த இடத்திலேயே கிடந்தது. கிளை நட்டது நட்டபடி நின்றது. அதற்கும் அப்பால் கரையில் அவள் அணைக்காமல் வந்த சமையலறை விளக்கு தெரிந்தது.

கர்ர்.

பாலம் லேசாக அதிர்ந்தது. எவ்வளவு அகலம் விட்டோம் என்று இப்போதுதான் பார்த்தாள். ஒரு சாண்கூட இல்லை. ஆறு அங்குலம் இருக்கும்.

அவள் கத்தினாள். இழுத்தாள். கை இன்னும் கொஞ்சம் கீழே போனது, அவள் கையையும் முழங்கைவரை கூட்டிக்கொண்டு. கன்னம் பனிக்கட்டியில் அழுந்தியது. நடுக்கட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் மேலே ஏறி அவள் முழங்காலை நனைத்தது.

கர்ர்.

பாலத்தின் நடுவில் பனி மெல்ல உப்பியது. விரிசல் விட்டது. உள்ளிருந்து வெள்ளைச் சீவல் பொங்கிப் பொங்கி வந்து, அழகாக, வட்டமாகக் குவிய ஆரம்பித்தது.